ஐந்தாவது விளக்கை அணைத்த கை

காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எக்ஸ்ரே அறையில் பதினெட்டு வருட சர்வீஸ். நாளொன்றுக்கு நாற்பது பேரையாவது "அசையாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று அதட்டுகிறவள், இன்று தானே ஒரு இடத்தில் நிற்க முடியாமல் மேஜைக்கும் கண்ணாடித் தடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஈயக் கவசத்தை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"என்னம்மா, பொண்ணு பார்க்க வர்றாங்களா?" என்றார் டார்க்ரூம் அண்ணன். ஃபிலிம் கழுவும் இருட்டறையை மூடிப் பத்து வருடம் ஆகிறது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். ஆனாலும் அவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"அஞ்சு மணிக்கு விழாண்ணே. கலபதி வர்றார். அவர் முன்னாடி நான் கட்டுரை படிக்கிறேன்."

"உன் விண்வெளி ஆளா? தெர்மகோல் பாறைக்கு நடுவுல ஆபீஸ் நாற்காலியில உட்கார்ந்து சுத்துவாரே, அவரா?"

"அண்ணே, வாயைக் கழுவுங்க."

அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. 'நாற்பத்தொன்றாம் கலம்' என்ற விண்வெளி டிவி தொடரில் எரிகற்கள் தெர்மகோல்தான். கலத்தின் தலைவரான கலபதியின் ஆசனம் நிஜமாகவே ஏதோ ஆபீஸிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்த மனிதர் அதில் உட்கார்ந்து வெறும் கறுப்புத் துணியை நிமிர்ந்து பார்த்தால், துணியில் நட்சத்திரம் தெரிந்தது. முறைத்துக்கொண்டு போன மருமகனைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, பழுதான கம்ப்யூட்டரிடம் தணிந்த குரலில் பேசுவார். அதுவும் கடைசியில் பேசிவிடும். ஐந்து வருடம், நூற்றுப் பத்து பாகம். ஒன்றுகூட அவள் விட்டதில்லை. பிரசவ வார்டில் பாகம் எழுபத்திரண்டு பார்த்தவள். "என் சம்சாரம் என்னைப் பார்த்துச் சம்மதிச்சாளா, இல்ல எங்க வீட்டு டிவியைப் பார்த்தா?" என்று கணவன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ரசிகர் வட்டத்தில் ஐந்நூறு பேர். அதில் இவளுடைய கட்டுரைதான் தேர்வானது. ஒன்பது பக்கம், ஏழு நிமிடம். அவர் வானொலி நாடகத்தில் வெறும் குரலாக ஆரம்பித்தது, படங்களில் மூன்றாவது அடியாளாக அடி வாங்கியது, குடும்பத் தொடரில் பேங்க் மேனேஜராகப் பதினான்காம் நாளே செத்துப்போனது, பிறகு கலபதி, அதற்கப்புறம் நீதிபதி, மந்திரி, பற்பசை விளம்பரத்து மாமனார் என்று எதையும் விடவில்லை. பேன்ட் பாக்கெட்டில் வலது கையை விட்டுக்கொண்டு அவர் நிற்கிற தோரணைக்கு மட்டும் அரைப் பக்கம். 'கையை வெளியே எடுக்காமலே கட்டளையிடும் அதிகாரம்' என்று எழுதியிருந்தாள். எழுதிவிட்டுத் தனக்குத்தானே சபாஷ் சொல்லிக்கொண்டாள்.

கடைசி மூன்று பக்கங்கள் கைக்காட்சிக்கு.

தொடரின் இறுதிப் பாகம். கலத்தில் எல்லோரும் தப்பிவிட்டார்கள். கலபதி மட்டும் பாக்கி. தொடர் முழுக்கக் கழற்றாத கையுறையைக் கழற்றுகிறார். முகம் இல்லை, உடம்பு இல்லை. திரையில் ஒரே ஒரு கை. எதிரே ஐந்து விளக்குகள். ஒவ்வொரு விரலாக இறங்கி ஒவ்வொரு விளக்கையும் அணைக்கிறது. பின்னணியில் அவர் குரல் விடைபெறுகிறது. சுண்டுவிரல் ஐந்தாவது விளக்குக்கு முன்னால் லேசாக நடுங்கி, நின்று, இறங்குகிறது. இருட்டு.

அப்பா இறந்த வருடம் அது. வீட்டில் யாரும் அழாமல் விறைத்துக் கிடந்தார்கள். அந்தச் சுண்டுவிரல் நடுங்கியபோதுதான் அவள் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். 'இவர் கை நடுங்கியது. நான் பிழைத்தேன்' என்பது கட்டுரையின் கடைசி வரி.

"இருபத்தேழு!" என்று வெளியே டோக்கன் கூப்பிடும் குரல் கேட்டது.

கதவு திறந்தது. உள்ளே வந்தவரை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

கலபதி.

வயசாகியிருந்தது. உயரம் குறைந்த மாதிரி இருந்தது. வலது மணிக்கட்டு வீங்கி, நனைந்த துண்டு சுற்றியிருந்தது. பின்னாலேயே மகள். "தங்கியிருக்கிற ரூம் குளியலறையில வழுக்கிட்டார். சாயங்காலம் ஃபங்ஷன் இருக்கு. சீக்கிரம் பார்த்துச் சொல்லுங்க."

"நீங்க வெளியே இருங்க மேடம். கதிர்வீச்சு" என்றாள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல் கேட்டது.

கவசம், தகடு, நாற்காலி. பதினெட்டு வருடப் பழக்கம் கைகளை ஓட்டியது. 'நான் உங்க ரசிகை' என்று தொண்டை வரை வந்ததை விழுங்கினாள். நோயாளி வலியோடு வந்திருக்கிறார், முதலில் வேலை.

"கையைத் தட்டையா வைங்க சார். விரலை எல்லாம் நேரா நீட்டுங்க."

நான்கு விரல்கள் நேராகின. சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்தே நின்றது.

"சார், சின்ன விரலும்."

"அது அவ்வளவுதான்மா வரும்."



தடுப்புக்குப் பின்னால் ஓடிப் பட்டனை அழுத்தினாள். திரையில் வெள்ளையாக எலும்புகள் எழுந்தன. மணிக்கட்டில் முறிவு எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் சுண்டுவிரலின் அடி எலும்பு எப்போதோ உடைந்து, கோணலாகக் கூடி, மழுங்கிப் போயிருந்தது. பழசு. ரொம்பப் பழசு.

"சார், இந்த விரல்ல எப்ப அடிபட்டது?"

"ஏழு வயசுல. கதவிடுக்குல மாட்டிக்கிச்சு."

ஏழு வயசில்! அவள் செல்போனை எடுத்தாள். முகப்புப் படமே அந்தக் காட்சிதான். ஐந்தாவது விளக்குக்கு மேலே அம்பு மாதிரி நேராக ஒரு சுண்டுவிரல்.

படத்தை இடம் வலம் மாற்றிப் போட்டிருப்பார்களோ? இடது கையாக இருக்குமோ? "சார், அந்தக் கையையும் ஒரு நிமிஷம் காட்டுங்க. எக்ஸ்ரே வேண்டாம், சும்மா பார்க்கத்தான்." நீட்டினார். கட்டையான விரல்கள், அகலமான நகங்கள். படத்தில் இருந்தது நீளமான, எலும்பும் நரம்புமான கை.

இதுவும் இல்லை.

"என்னம்மா, ஏதாவது பெரிசா?" அவர் குரலில் பயம் இருந்தது.

"மணிக்கட்டை டாக்டர் பார்த்துச் சொல்வார் சார். பயப்படுற மாதிரி எனக்குத் தெரியலை." செல்போனை அவர் பக்கம் திருப்பினாள். "சார்... கடைசிப் பாகத்துல அஞ்சு விளக்கை அணைச்சது உங்க கை இல்லையா?"

அவர் திரையில் தெரிந்த தன் எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்ல. நீங்க கண்டுபிடிக்கிறதுக்கே ஒரு மெஷின் தேவைப்பட்டிருக்கு" என்று சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "விரல் அஞ்சாவது விளக்குக்கு எட்டலைம்மா. பதினோரு தடவை எடுத்தாங்க. டைரக்டர் வாய்க்கு வந்தபடி கத்தினார். கலத்துல தானாத் திறக்கிற கதவு இருக்குமே, அதை ஒளிஞ்சு நின்னு கயிறு கட்டி இழுப்பான் ஒருத்தன். 'கதவு, இங்க வா'ன்னு அவனைக் கூப்பிட்டு உட்கார வெச்சாங்க. ஒரே டேக்."

"அந்த நடுக்கம்?"

"காலையிலேர்ந்து கயிறு இழுத்த கை. நடுங்காம என்ன செய்யும்?"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் பக்கத்துல நின்னு வசனம் சொன்னேன். அவன் விரல் இறங்க இறங்க, அதைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். அந்தக் காட்சிக்குத்தான் விருது குடுத்தாங்க. வாங்கிட்டேன்."

"பாக்கெட்ல கை விட்டுக்கிட்டு நிக்கிறது?"

"விரலை மறைக்கத்தான். வேற என்னன்னு நினைச்சீங்க?"

அரைப் பக்கம் காலி.

"சாயங்காலம் கட்டுரை படிக்கப்போறது ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற ஒரு பொண்ணுன்னு சொன்னாங்க" என்றார் மெதுவாக. "நீங்கதானா?"

தலையாட்டினாள்.

"எழுதினபடியே படிச்சிடுங்கம்மா. ஊர் உலகம் நம்பிடுச்சு. இந்த வயசுல என்னைக் கீழே இறக்கிடாதீங்க."

மகள் கதவைத் தட்டினாள். அவர் எழுந்து போய்விட்டார்.

அதற்குப்பின் வந்த முழங்கால்களும் முதுகெலும்புகளும் அவள் நினைவில் இல்லை. ஒரு தோள்பட்டைக்கு இடம் வலம் மாற்றிக் குறி வைக்கப் போனவளை அண்ணன் தடுத்தார். "ஏம்மா, வீட்டுக்குப் போயேன். நான் பார்த்துக்கறேன்."

பஸ்ஸில் கணவனைப் போனில் கூப்பிட்டாள். காரணம் சொல்லவில்லை. அறையில் பார்த்தது அறையோடு. நோயாளியின் உடம்பைப் பற்றிப் புருஷனிடம்கூட மூச்சு விட்டதில்லை. "கடைசி மூணு பக்கத்தைப் படிக்க முடியாதுங்க" என்றாள்.

"அப்ப எடுத்துடு."

"எடுத்தா கட்டுரையே இல்ல."

"அப்ப படி."

"படிச்சா பொய்."

"உன் விண்வெளி மாப்பிள்ளையால எனக்குத் தலை சுத்துது. சாப்பிட்டியா முதல்ல?"

சாப்பிடவில்லை. பேனாவை எடுத்து அடித்தாள், எழுதினாள், மறுபடி அடித்தாள். பஸ் குலுங்கியதில் காகிதம் கிழிந்தது. உண்மையைச் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. அது அவருடைய எலும்பு. பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை. அது அவளுடைய அழுகை.

அரங்கம் நிரம்பியிருந்தது. முதல் வரிசையில் கலபதி, மணிக்கட்டில் கட்டோடு. கட்டையும் மீறி அந்தக் கை பாக்கெட்டுக்குள் போகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மைக்கைப் பிடித்தாள். காகிதம் சடசடத்தது.

வானொலிக் குரலைப் படித்தாள். மூன்றாவது அடியாளுக்கு விசில் பறந்தது. பேங்க் மேனேஜர் மரணத்துக்குச் சிரிப்பு. பாக்கெட் தோரணையைத் தாண்டிக் குதித்தாள். பக்கத்தைத் திருப்பினாள். கைக்காட்சி. கலபதி தலை குனிந்துகொண்டார்.

'இவர் கை' என்று எழுதியிருந்தது. அவள் வாய் திறந்தது.

"அந்தக் கை கையுறையைக் கழற்றியது."

ஒரே ஒரு வார்த்தை. 'இவர் கை' இருந்த இடத்திலெல்லாம் 'அந்தக் கை'. அந்தக் கை முதல் விளக்கை அணைத்தது. அந்தக் கையைத் தொடர்ந்து இவர் குரல் இறங்கியது. அந்தக் கை நடுங்கியது. ஒருவரும் எதையும் கவனிக்கவில்லை. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். கலபதி மட்டும் மெல்ல நிமிர்ந்தார்.

"அந்தக் கை நடுங்கியது. நான் பிழைத்தேன்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அவள் இறங்கி ஓரத்து நாற்காலியில் விழுந்தாள். பொய் சொல்லவில்லை. உண்மையும் சொல்லவில்லை. நிம்மதி வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. நாற்காலியில் முள் இருப்பதுபோல் நெளிந்தாள்.

ஏற்புரைக்கு அவர் எழுந்தார். எல்லோருக்கும் நன்றி சொன்னார். நிறுத்தினார். தண்ணீர் குடித்தார்.

"இந்த அம்மா ஒரு வார்த்தையை மாத்திப் படிச்சாங்க. ஆறு தடவை. நான் எண்ணினேன்." கட்டுப்போட்ட கையை மைக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். சுண்டுவிரல் கோணலாக நின்றது. "நல்லாப் பார்த்துக்குங்க. இந்த விரல் அந்த விளக்குக்கு எட்டாது."

எல்லாவற்றையும் சொன்னார். பதினோரு டேக், கயிறு, கதவு, விருது. முன்வரிசையில் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் தெரியாது போலிருக்கிறது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: "அவர் பேரென்ன சார்?"

கலபதி தூக்கிய கையை இறக்கினார்.

"'கதவு'ன்னுதான் கூப்பிடுவோம். அஞ்சு வருஷம். ஒரே இடத்துல டீ குடிச்சிருக்கோம். பேர் கேட்டதில்ல."

சலசலப்பு எழுந்தது. ஒருவன் எழுந்து வெளியே போனான். இன்னொருவர் "அப்ப நாங்க கும்பிட்டது யாரை?" என்று கத்தினார். யாரோ அவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள். கலபதி பாக்கெட் பக்கம் போன கையை இழுத்து வெளியே தொங்கவிட்டுக்கொண்டு அப்படியே நின்றார்.

அவள் அதற்குள் செல்போனில் இறுதிப் பாகத்தைத் திறந்து கடைசிக்கு ஓட்டியிருந்தாள். வழக்கமாக எல்லோரும் அணைத்துவிடுகிற இடம். பொடி எழுத்தில் பெயர்கள் மேலே ஓடின. நிறுத்தினாள். 'அரங்க உதவி' என்ற தலைப்பின் கீழ் பதினோரு பெயர்கள்.

மேடைப் படியில் ஏறி அவரிடம் நீட்டினாள். "இதுல ஒருத்தர்தான் சார் இருக்கணும்."

"என் கண்ணாடி ரூம்ல இருக்கு. படிங்க. யாராவது கூப்பிட்டுக் காதுல விழுந்திருந்தா ஞாபகம் வரும்."

மைக் திறந்தே இருந்தது. அவள் முதல் பெயரைப் படித்தாள். அவர் யோசித்துத் தலையசைத்தார். "பெயின்டர்." இரண்டாவது. "அவர் லைட் தூக்குவார்." மூன்றாவதற்கும் நான்காவதற்கும் முகமே நினைவுக்கு வரவில்லை என்றார். ஐந்தாவது முதல் ஏழாவது வரை இல்லை என்றார். கூட்டம் ஒவ்வொரு பெயருக்கும் மேடையை நோக்கி ஓர் அடி நெருங்கியது.

எட்டாவது பெயரைப் படித்தாள்.

அவர் இல்லை என்று சொல்லவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார். "சத்தமா."