ஸ்டெப்னிக்கு ஏறிய கோபம்

பேட்டரி ரெஞ்சு என்பது கோபத்தில் ஓடுகிற சாமான். கரண்டில் மாட்டி வைத்தால் சூடாகுமே தவிர ஒரு நட்டைக்கூடக் கழற்றாது. கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, யார் மேல் எரிச்சலோ அவரை மனதார நினைக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் ஏறிவிட்டது. வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரியும்.

அர்த்தநாரிக்கும் தெரியும். தெரிந்தும் வாங்காமல் விட்டதுதான் வினை. குட்டியானை வண்டியில் தேங்காய் லோடு அடிக்கிறவன் சீட்டுக்கடியில் ஒரு ரெஞ்சு போட்டு வைக்க வேண்டாமா? போன மாசம் அம்மா செத்துப்போன சேதி வந்து, ராசிபுரத்துக்கு விழுந்தடித்துக்கொண்டு போனபோது நடுவழியில் டயர் வெடித்தது. டயர் கடைக்காரப் பாவிக்கு எந்த ஜென்மத்துப் பகையோ, நட்டுகளை அப்படி முறுக்கி வைத்திருந்தான். ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தும் அசையவில்லை.

அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் கடைசிப் பிள்ளை. அது இவன். இவன் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அண்ணன் காளியண்ணன் மொட்டைத் தலையோடு நின்று, "எவ்வளவு நேரம்தான் வெச்சிருக்கறது" என்றான். அரை மணி நேரம் பொறுக்க முடியாமல் அப்படி என்ன அவசரம்? அம்மா எங்காவது எழுந்து போய்விடுவாளா?

அதைக் கேட்கத்தான் இன்றைக்குக் கிளம்பினான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி தயாராக இருந்தது. வழியில் மறுபடி மாட்டிக்கொள்ளக் கூடாதென்று முதலில் திருச்செங்கோட்டில் ரெஞ்சு விற்கிற மாரப்பன் கடைக்குப் போனான்.

"அன்னாட எரிச்சலுங்களா, பழைய கோவமுங்களா?" என்று மாரப்பன் கேட்டான்.

"பழசு இருக்குது. அதத் தொடக் கூடாது. வேறதுக்கு வெச்சிருக்கறேன்."

"அப்பச் சின்னது எடுத்துக்கங்க. ஹாரன் அடிக்கறவன், குறுக்க வர்றவன், அதுக்கே ஏறிக்கும். ஆனா ஸ்கூட்டருக்குத்தானுங்க ஆகும்." பிறகு பெரியதை எடுத்து வைத்தான். "உங்க வண்டிக்கு இதுதான். சொந்தக்காரங்க மேல இருந்தாத்தான் ஏறும். நட்டை முடுக்கறப்ப கோவம் சக்கரத்துக்குள்ள போயிரும், திரும்ப வராது. வரலைன்னு எங்கிட்ட வந்து சண்டை புடிக்கக் கூடாதுங்க."

"கோவமே இல்லாம எப்படிங்க சண்டை புடிக்கறது?"

மாரப்பன் யோசித்துப் பார்த்துவிட்டு, "அதுவும் சரிதானுங்க" என்றான்.

எடுக்காமல் வைத்திருந்தால் போகிறது என்று பெரியதையே வாங்கிச் சீட்டுக்கடியில் போட்டுக்கொண்டான்.

வையப்பமலை தாண்டியதும் அதே பக்கத்து டயர் காற்றுப் போய் உட்கார்ந்தது. அர்த்தநாரி ரெஞ்சைப் பிடித்துக்கொண்டு டயர் கடைக்காரனை நினைத்தான். சிவப்பு. சித்தப்பாவை நினைத்தான், மைத்துனனை நினைத்தான். சிவப்புதான். மாசம் பூராவும் ஒரே ஆள் மேல் கோபத்தைக் கொட்டி வைத்தால் மற்றவர்களுக்கு ஏது? கோபத்தோடு இங்கேயே கிடக்கலாம், இல்லை கோபம் இல்லாமல் அங்கே போய்ச் சேரலாம். பல்லைக் கடித்துக்கொண்டு வெயிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் தரமும் போய்ச் சேராமல் இருப்பதா? அண்ணனை நினைத்தான். உடனே பச்சை எரிந்தது.

நட்டுகள் மளமளவென்று கழன்றன. ஸ்டெப்னியை மாட்டி முடுக்க முடுக்க நெஞ்சில் இருந்தது இறங்கிக்கொண்டே வந்தது. கடைசி நட்டு முடுக்கியபோது நாலு கேள்வியில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஏறினான். அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை, சக்கரமே ராசிபுரத்துக்கு வழி பார்த்துக்கொண்டு போனது.

அண்ணன் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் ஸ்டெப்னி தானே நட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, படியேறி உள்ளே போனது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அர்த்தநாரி இறங்கி வாசலில் நின்றான்.

"ஏண்ணா, அரை மணி நேரம் உன்னால பொறுக்க முடியலையா? அவ முகத்த எனக்குக் காட்டாமயே எரிச்சுப்போட்டயே" என்று ஸ்டெப்னி கேட்டது.

நன்றாகத்தான் கேட்கிறது என்று அர்த்தநாரிக்குப் பட்டது.

உள்ளே காளியண்ணன் அழுதான். சக்கரத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான், வேட்டியெல்லாம் மண். "தப்புத்தான்டா தம்பி. ஊர்க்காரங்க அவசரப்படுத்துனாங்க. நீ வந்துருவேன்னு நாந்தான் அடிச்சுச் சொல்லியிருக்கோணும்." அண்ணி பூங்கொடி இலை போட்டு ஸ்டெப்னிக்குச் சோறு பரிமாறினாள்.

அப்புறம் ஒரு சொம்பில் தண்ணீரோடு வாசலுக்கு வந்தாள். "டிரைவருங்களா? தம்பி ராத்திரி இங்கதான் தங்கறாப்பல. உங்கள வண்டிய எடுத்துட்டுப் போகச் சொன்னாரு."

"சரிங்க" என்று அர்த்தநாரி தண்ணீரை வாங்கிக் குடித்தான். வேறு சக்கரம் இல்லாததால் பஞ்சரான டயரையே எடுத்து மாட்டினான். முடுக்கப் போனபோது விளக்கு சிவப்பாகவே இருந்தது.

"ஏனுங்கம்மா, இதக் கொஞ்சம் புடிக்கறீங்களா? எங்கிட்ட ஒண்ணும் மிச்சமில்லைங்க."

அவள் ரெஞ்சை வாங்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள் தன் புருஷனை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது.