ஏழில் மூன்றாவது பதிவெண்

தேர்வுத் துறையில் விடைத்தாள்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. அங்கே பெயர்கள் வருவதில்லை, பதிவெண்கள் மட்டும்தான். ஏழு பேருக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டு அரசு வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், முறைகேட்டைச் சொல்பவர்களைக் காக்கும் ஆணையத்துக்கு அந்த ஏழு எண்களையும் எழுதி அனுப்பினாள்.

மறுவாரம் நாத்தனார் பணி நியமன ஆணையோடு ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஆணையில் இருந்த பதிவெண் அந்த ஏழில் மூன்றாவது. நாத்தனாருக்கு அந்தப் பரீட்சைக்குக் குறிப்பெடுத்துக் கொடுத்ததே இவள்தான்.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆணைய அதிகாரியைப் போனில் அழைத்தாள்.

“புகாரை வாபஸ் வாங்கிக்கலாமா சார்?”

“யாராவது மிரட்டறாங்களாம்மா? உங்க பேர் வெளியே வராது. நீங்களும் வீட்ல மூச்சு விடாதீங்க.”

“மிரட்டல் எல்லாம் இல்ல சார்.”

“அப்போ மார்க்கைத் திருத்தினது பொய்யா?”

“நிஜம்தான்.”

“அப்புறம் எதைம்மா வாபஸ் வாங்குவீங்க?”

வெளியே நாத்தனார் கதவைத் தட்டினாள். “அண்ணி! எங்க லிஸ்ட்டு மேல யாரோ வயித்தெரிச்சல்ல புகார் குடுத்திருக்காங்களாம். நீங்க அங்கதானே இருக்கீங்க, யாருன்னு கண்டுபிடிச்சு சொல்லுங்க!”

“உங்க அண்ணி பார்த்துப்பா, நீ கவலைப்படாதே,” என்றான் அவள் கணவன்.

“வாக்குமூலம் குடுக்க எப்போ வரீங்க?” என்றார் அதிகாரி.

“நாளைக்கு,” என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள். நாத்தனார் மறுபடியும் அவளைக் கட்டிக்கொண்டாள்.