கடலை வயலுக்குள் ஒரு வழி

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்ட பிறகு, அவர் நடக்கிற ஒரே இடம் எங்கள் கொண்டைக்கடலை வயல்தான். தினமும் நடக்க வேண்டும் என்பது மருத்துவர் உத்தரவு. ரோட்டில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் எல்லாம் நிறுத்தி நலம் விசாரிப்பார்கள். மனிதருக்கு அது ஆகாது. வரப்போ ஒற்றையடி, சரிவு வேறு. அதனால் அகலமாக விட்ட வரிசைகளுக்கு நடுவே தடியை ஊன்றி, செடிகளைத் திட்டிக்கொண்டே நடப்பார். என்னைத் திட்டாத நேரம் அது ஒன்றுதான் என்பதால் நானும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இந்த வருஷம் அவரே அதற்கு வேட்டு வைத்தார். இயந்திரத்தில்தான் அறுவடை என்று ஒற்றைக்காலில் நின்றார். இன்னொரு கால்தான் சொன்னபடி கேட்பதில்லையே.

காரணம் என் கை. கையால் பிடுங்கும்போது கடலைச் செடியின் இலையில் கசியும் புளிப்பு நீர் பட்டுப் பட்டு, போன அறுவடையில் விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. மறைத்துத்தான் வைத்திருந்தேன். எப்படியோ பார்த்துவிட்டார்.

எங்கள் பழைய ரகம் தரையோடு படரும். காய்கள் இயந்திரத்தின் கத்திக்குக் கீழே தங்கிவிடும். விதைக்கடையில் நிமிர்ந்து வளரும் ரகம் கேட்டார். கடைக்காரர் காட்டிய காய்ந்த செடியில் முதல் காய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சாண் வைத்து அளந்தார். ஒரு சாணுக்கு மேலேயே இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"வரிசைய நெருக்கி விதைக்கணும். எடம் விட்டா இதுவும் சாஞ்சு படுத்துக்கும்," என்றார்.

"அப்ப நீங்க எங்க நடப்பீங்க?"

"நடந்து என்னத்தக் கிழிக்கப்போறேன்? மொதல்ல உன் கை ஆறட்டும்."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபத்தை மட்டும் காட்டினேன்.

விதைப்பன்று டிராக்டர் ஓட்டியது என் தம்பி. பின்னால் விதைக்கருவியின் பலகையில் நின்று, விதை இறங்கும் குழாய் எதுவும் அடைத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. நடுவயலுக்கு வந்து டிராக்டர் திரும்பியதும், பழைய துண்டைக் கிழித்து அடுத்தடுத்த இரண்டு குழாய்களை நானே அடைத்தேன். மறுகோடி போய்ச் சேர்ந்ததும் எடுத்துவிட்டேன். தம்பி திரும்பிப் பார்த்தான். நான் முறைத்த முறைப்பில் முன்னால் பார்த்து ஓட்டினான்.

முளைத்ததும் குட்டு வெளிப்பட்டது. வயல் முழுக்கப் பச்சை. நடுவில் மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெறும் மண்.

"என்ன மாப்ளே, குழாய் அடைச்சுக்கிச்சா?" என்று தம்பியைக் கேட்டார்.

"அக்காவத்தான் கேக்கணும் மாமா."

திருதிருவென்று விழித்தேன். அவர் தடியை ஊன்றி வீட்டுக்குத் திரும்பிவிட்டார். சில நாள் வயல் பக்கமே வரவில்லை. வீம்புக்காகவே அந்த வழியில் கால் வைக்காமல் இருந்துவிடுவாரோ என்று பயந்துபோனேன்.

ஒரு நாள் காலையில் தேநீரோடு தேடினால் ஆளைக் காணோம். வயலுக்கு ஓடினேன். நடுவயலில் தடியை ஊன்றிப் போய்க்கொண்டிருந்தார். செடிகளுக்குச் செம திட்டு. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதி. அன்றிலிருந்து தினமும் அவர் நடப்பார், நான் வரப்பில் உட்கார்ந்து பார்ப்பேன்.

அறுவடைக்கும் தம்பியே இயந்திரம் கொண்டுவந்தான். நெருக்கமாக நின்ற செடிகளைச் சுத்தமாக அறுத்துத் தள்ளியது. வழியோரச் செடிகள் மட்டும் காலியிடத்தைப் பார்த்ததும் சாய்ந்து, காய்களைத் தரையில் போட்டிருந்தன. கத்தியைத் தாழ்த்தினால் மண்ணும் சேர்ந்து வரும் என்று தம்பி அவற்றை விட்டுவிட்டுப் போனான். பொறுக்கலாம் என்று குனிந்தேன். தடி குறுக்கே வந்தது.

"கைய வைக்காத. பறவ தின்னுட்டுப் போகட்டும்."

"இவ்வளவும் என்னால வீணாப் போனதுதானே?"

"உன்னாலதான். அடுத்த தடவ ரெண்டு குழாய அடைக்காத."

மனது சுருக்கென்றது. "சரி," என்றேன்.

"மூணா அடை."

"மூணு எதுக்கு?"

"இதுல ஒருத்தர் நடக்கத்தான் எடம் இருக்கு," என்றார், வயலைப் பார்த்துக்கொண்டே. "நீ எவ்வளவு நாளைக்குத்தான் வரப்புலயே ஒக்காந்திருப்ப?"