ஆறரை பஸ்ஸை விட்டவள்

“சொல்லிட்டு வந்தாத் தான் எனக்கு மனசு—”

“அதான், உனக்கு. உனக்குத் தான் நல்லாருக்கும். அவங்களுக்கு?”

“குறுக்க பேசாத பூங்குழலி. நான் இருடின்னு சொல்லலன்னா அவ வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஊருக்கு—”

“மெதுவாக்கா. பஸ்ஸுல இருக்கறோம்.”

“இருந்தா இன்னா? கேக்கட்டும்.”

கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகிற டவுன் பஸ்ஸில் வேறு பேச்சே இல்லை. டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர்கூட இவர்கள் மடியிலிருந்த மாலைப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, சில்லறை கேட்காமல் நகர்ந்து போனார்.

இருவரும் பிரசவ வார்டு நர்சுகள். சாமுண்டீஸ்வரிக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ், பூங்குழலிக்கு ஒன்பது. மூன்று நாளைக்கு முன்னால், சனிக்கிழமை காலையில், நர்சிங் பள்ளி ஹாஸ்டலுக்குப் பின்னால் செங்கல் தூண்மேல் நின்ற தண்ணீர்த் தொட்டி, கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் மேல் இடிந்து விழுந்தது. இரண்டு பேர் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். அதில் ஒருத்தி சுவாதி, அனந்தபுரத்துப் பெண். ஆறு வாரமாக இவர்கள் வார்டில்தான் வேலை பழகினாள்.

பழக வருகிற பெண்கள், பார்த்த ஒவ்வொரு பிரசவத்தையும் கேஸ் புக்கில் எழுதி வார்டு சிஸ்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். குழந்தை பிறந்த முதல் நிமிஷம் ஒரு தரம், ஐந்தாவது நிமிஷம் ஒரு தரம், நிறம், மூச்சு, அழுகை, கைகால் அசைவு எல்லாம் பார்த்து பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட வேண்டும். முதல் நிமிஷத்து மார்க்கை யாரும் விடுவதில்லை. ஐந்தாவது நிமிஷம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? துடைக்கிற அவசரத்தில் விட்டுவிட்டு, அப்புறம் ஒன்பது என்று எழுதிவிடுவதுதான் ஊர் உலகத்து வழக்கம். கையெழுத்துப் போடுகிறவர்களும் கண்டுகொள்வதில்லை. சாமுண்டீஸ்வரி ஒருத்தி கண்டுகொள்வாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுவாதி கேஸ் புக்கை நீட்டியபோது நடந்தது இவ்வளவுதான்.

“அஞ்சாவது நிமிஷம் நீ இன்னாடி பண்ணிட்டிருந்த?”

“கொழந்த என் வெரல புடிச்சிக்கிச்சு சிஸ்டர். பாத்துட்டே இருந்துட்டேன்.”

“அப்ப இந்த ஒம்போது எங்கருந்து வந்துச்சு?”

“எல்லாரும் போடறது தான சிஸ்டர்.”

“பாக்காதத எழுதறதுக்கு நர்ஸு எதுக்கு? காலைல வேற கேஸ் வரும். அத ஒழுங்கா பாத்து எழுதிட்டு அப்பறம் ஊருக்குப் போ.”

“ஆறரை பஸ்ஸு இருக்குது சிஸ்டர். நைனா ஸ்டாண்டுல வந்து நிப்பாரு. இன்னிக்கு மட்டும்.”

“இன்னிக்கு மட்டும்னு தான் எல்லாம் ஆரம்பிக்குது. போ, போன் பண்ணிச் சொல்லிடு.”

போன் பண்ணிவிட்டு ஹாஸ்டலுக்குப் போனாள். மறுநாள் காலையில் வார்டுக்கு வருமுன், முந்தின நாள் யூனிஃபார்மைத் துவைக்கத் தொட்டியடியில் உட்கார்ந்தாள்.

“தொட்டிய நீயாக்கா கட்டின?” பஸ்ஸில் பூங்குழலி குரலை இறக்கிக்கொண்டாள். “கட்டினவன் வூட்டுல நல்லா துன்னுட்டுத் தூங்கறான். நீ மூணு நாளா டீயும் கையுமா அலையற.”

“ஒளிச்சு வச்சிட்டு அந்தம்மா மொகத்த எப்டி பாக்கறது?”

“பாக்காத. தலைய குனிஞ்சி ஒக்காரு. சாவு வூட்டுல எல்லாரும் எதுக்குத் தலைய குனியறாங்கன்ற? உன் பாரத்த எறக்கி வைக்க அவங்க வூடு தான் கெடச்சுதா? அங்க ஏற்கனவே எடம் இல்லக்கா.”

சாமுண்டீஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அறுவடை முடிந்த வயல்கள் ஓடின.

“சொல்ல மாட்டேன்னு சொல்லு.”

“சரி.”

“சரின்னா?”

“சொல்லல. விடு.”

வீட்டு வாசலில் தார்ப்பாய்ப் பந்தல். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆதிமூலம், சுவாதியின் அப்பா, எழுந்து கும்பிட்டார். உள்ளே கையைக் காட்டினார்.

சாமுண்டீஸ்வரிக்குச் சாவு புதிதல்ல. வார்டில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். நின்றபடியே நாலு வார்த்தை, பிறகு கையெழுத்து வாங்கக் காகிதம். ஆனால் அங்கே எப்போதும் நிற்கிறவள் அவள். இங்கே தரையில் உட்கார வேண்டியிருந்தது. மாலையைப் படத்துக்குப் போட்டார்கள். படத்தில் சுவாதி யூனிஃபார்மில் இருந்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அம்மா வளர்மதி சுவரோரம் சாய்ந்திருந்தாள். வருகிற பெண்களைக் கட்டிக்கொண்டு அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. இவர்கள் போய்க் குனிந்ததும் சாமுண்டீஸ்வரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சத்தம் வரவில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. கட்டிக்கொண்டு அழத் தெரியாத சாமுண்டீஸ்வரி, கைக்குப் பழகியதைச் செய்தாள். வளர்மதியின் மணிக்கட்டைப் பிடித்தாள், பிடித்தது தெரியாமலே எண்ணவும் ஆரம்பித்தாள்.

வளர்மதி விலகிப் பார்த்தாள்.

“நாடி பாக்கறீங்களா?”

சாமுண்டீஸ்வரி கையை விட்டாள். “மன்னிச்சுக்கம்மா. பழக்கம்.”

“பாருங்க, பாருங்க. அவளும் இப்டித்தான். பைய வக்கறதுக்கு முன்ன என் கைய புடிச்சி எண்ணுவா. ‘அம்மா, நீ நூறு வயசு இருப்ப’ம்பா. இருந்து இன்னா பண்ண?” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “அங்க வேலையெல்லாம் ஒழுங்கா செஞ்சாளா நர்சம்மா?”

“நல்லா செஞ்சா,” பூங்குழலி முந்திக்கொண்டாள். “கெட்டிக்காரி. கொழந்தைங்கன்னா உசுரு.”

“கெட்டிக்காரி தான். என் கிட்ட தான் பொய் சொல்லிட்டா.”

“இன்னா பொய்யி?”

“சனிக்கெழம பொண்ணு பாக்க வரேன்னாங்க, மேல்மலையனூருலருந்து. நல்ல எடம். இவ, படிப்பு முடியட்டும் முடியட்டும்னு ஒரே அடம். கடசில சரி வரேன்னுட்டா. அவங்க நைனா ஸ்டாண்டுல போய் நின்னுட்டிருக்காரு, இவ போன் பண்றா. ‘அம்மா, புக்குல கையெழுத்து ஆகல, சிஸ்டரு காலைல வரச் சொல்லிட்டாங்க, பத்து மணி பஸ்ஸுக்கு வந்துடறேன்’றா. ஒரு கையெழுத்துக்கு யார்னா புள்ளைய தங்க வப்பாங்களா? நீங்களே சொல்லுங்க.”

பூங்குழலியின் கை சாமுண்டீஸ்வரியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

“மாப்ள வூட்டுக்குப் பயந்து கத கட்றான்னு நெனச்சேன். எனக்கு வந்த கோவத்துல, ‘பொய் சொல்றவ இந்த வூட்டு வாசப்படி ஏறாத, வராத’ன்னு வச்சிட்டேன். திரும்ப ரெண்டு தரம் அடிச்சா. எடுக்கல. நான் நெருக்கினதால தான அங்கயே தங்கிட்டா. கடசியா என் கிட்ட பொய் சொல்ற மாதிரி நானே ஆக்கிட்டேன்.”

சாமுண்டீஸ்வரி படத்தைப் பார்த்தாள். ஒரு குழந்தை விரலைப் பிடித்துக்கொண்டதற்காக ஐந்தாவது நிமிஷத்தை மறந்தவள். அதைக் கேட்டதும் மறைக்காமல் சொன்னவள். அவளைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டே இந்த அம்மா நூறு வயசு இருக்கப் போகிறாளா?

“அவ பொய் சொல்லலம்மா.”

“அக்கா,” என்றாள் பூங்குழலி.

“கைய எடு பூங்குழலி. அந்த சிஸ்டரு நான் தாம்மா. ஒரு மார்க்கு அவ பாக்காம போட்டிருந்தா. கையெழுத்து போட மாட்டேன்னுட்டேன். காலைல வேற கேஸ் பாத்து எழுதிட்டுப் போன்னேன். பஸ்ஸு இருக்குது, நைனா நிப்பாருன்னு கெஞ்சினா. நான் தான் விடல. அவ உன் கிட்ட சொன்னது அத்தினியும் நெசம்.”

சத்தம் கேட்டு ஆதிமூலம் நிலைப்படியில் வந்து நின்றார். மூலையில் உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாமுண்டீஸ்வரி காத்திருந்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், தலைமயிரைப் பிடித்து இழுத்தாலும் இழுப்பாள். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

வளர்மதி திட்டவில்லை. அவள் பார்வை சாமுண்டீஸ்வரி மேலேயே இல்லை. அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சை முதலிலிருந்து கேட்கிறவள் போலக் காதைச் சாய்த்துக்கொண்டு, உதட்டுக்குள் எதையோ சொல்லிப் பார்த்தாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

“அப்ப வரணும்னு இருந்த புள்ளயத் தான் நான் வராதன்னு சொன்னனா, நர்சம்மா?”