கோப்பிமேட்டுக் கடா

குப்பைமேட்டைச் சோதித்து முடிவு சொல்லத் தோட்டத்துத் துரை கொடுத்திருந்தது முப்பது மணி நேரம். அதில் முதல் ஒரு மணி நேரத்தை அட்டைகள் எடுத்துக்கொண்டன.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் சண்முகராஜா ஹட்டன் கடைவீதியில் பிறந்து வளர்ந்தவர். காலுறையில் சவர்க்காரம் தேய்க்காமல் லிந்துலைத் தோட்டத்துப் புல்லில் இறங்கிவிட்டார். இப்போது கல்லில் உட்கார்ந்து, காலில் ஏறிய அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"சுண்ணாம்பு தர்றேங்கய்யா. தொட்டா விழுந்துரும்," என்று வேலைக்கு வந்திருந்த வீரம்மா வெற்றிலைப் பையை அவிழ்த்தாள்.

"வேணாம்மா. ரெண்டுதான் பாக்கி."

"கழுத்துக்குப் பின்னால ஒண்ணு இருக்குங்க. பாக்கி மூணு."

அவர் சுண்ணாம்பை வாங்கிக்கொண்டார்.

கீழ்நாட்டில் மலேரியா அடித்து ஓய்ந்த மறுவருஷம் அது. துரைக்கு நோய் என்றாலே நடுக்கம். இன்ஸ்பெக்டர் சரி என்று சொல்லாமல், தொழிலாளர் குடியிருக்கக் கட்டும் புது லயத்துக்கு ஒரு கல்லும் வைக்கமாட்டேன் என்றிருந்தார். தோட்டத்தில் தேயிலை இல்லாத சமதரை இந்த மேடு ஒன்றுதான். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்துத் துரைமார் பங்களாக் குப்பையைக் கொட்டத் தொடங்கிய பள்ளம் இது. பிறகு தொழிற்சாலைச் சாம்பலும், ஆஸ்பத்திரிப் போத்தல்களும், உடைந்த தகரமுமாக நிறைந்து, புல் மூடிவிட்டது. கோப்பிமேடு என்ற பெயர் மட்டும் மிச்சம். இதற்குக் கீழேதான் லயத்து ஜனங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலி.

குழி தோண்ட நான்கு பேரைக் கொடுத்திருந்தார்கள். வீரம்மா தானே கேட்டு வந்தவள். அவள் மகள் பேச்சியம்மாவுக்கு இது எட்டாம் மாதம். பழைய லயத்தில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பிராவுக்குள் யார் எங்கே படுப்பது என்பதை மழைதான் தீர்மானிக்கும். புது லயத்தில் முதல் காம்பிரா பேச்சிக்கு என்று பெரிய கங்காணி கணேசமூர்த்தி வாக்குக் கொடுத்திருந்தார். ஒழுகாத கூரைக்குக் கீழே பேரப்பிள்ளை பிறக்க வேண்டும். வீரம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் குழியில் பீங்கான் துண்டுகள் வந்தன. இரண்டாவதில் சாராயப் போத்தல்கள்.

"எல்லாம் காலி," என்றான் கூடத் தோண்டிய வீரய்யா, ஒன்றை வெயிலில் தூக்கிப் பார்த்து. "அந்தக் காலத்துத் துரைமாருக்கு நம்ம நெனப்பே இல்லீங்க."

சண்முகராஜா சிரித்தார். ஆனால் வேலையில் கெட்டி. ஒவ்வொரு குழியிலும் மண்ணை விரலால் நசுக்கினார், முகர்ந்தார், போத்தலில் அடைத்தார். மண்புழுவைக் கண்டால் பழைய சிநேகிதனைக் கண்டதுபோல முகம் மலர்ந்தது. பீலித் தண்ணீரிலும் ஒரு போத்தல் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை, மேட்டின் மேல் ஓரத்தில் கடைசிக் குழி. அங்கே தகர டப்பாக்கள் வந்தன. துரு தின்று, பெயர்த் தாள் உதிர்ந்து, ஒவ்வொன்றிலிருந்தும் உப்புப் பூத்தாற்போல வெள்ளையாக ஏதோ கசிந்து மண்ணோடு கட்டியாகியிருந்தது. சண்முகராஜா மண்ணைக் கிளறினார். ஒரு புழுகூட இல்லை.

"இது என்ன மருந்து?"

யாருக்கும் தெரியவில்லை. வீரம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அந்த வெள்ளையையே பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

"என்னக்கா, குளிருதா?" என்றான் வீரய்யா.

"வேலையைப் பாருடா."

பத்து மணிக்குப் பெரிய கங்காணி குடையும் கோட்டுமாக ஏறி வந்தார். பின்னாலேயே பேச்சியம்மா, ஒரு கையில் பால் விடாத சாயத் தண்ணி, மறு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"சுவருக்கு அடிக்கிற சாயமா இருக்கும், இல்லாட்டிப் புல்லுக்கு ஊத்துற விஷமா இருக்கும்," என்றார் சண்முகராஜா. "கொழும்புக்கு அனுப்பித்தான் பார்க்கணும். ரெண்டு மாசமாகும்."

"ரெண்டு மாசத்துல மழை பிடிச்சிருமுங்க. அப்புறம் எங்க கட்டுறது? அடுத்த வருஷம்தான்." கங்காணி குடையை மடக்கினார். "ஐயா, நான் படிக்காதவன். ஒண்ணு சொல்லட்டுங்களா? இந்த வீரம்மா, மகளுக்குப் பிள்ளை வரம் கேட்டு முனியாண்டிக்கு ஒரு கெடா நேந்து விட்டா. கழுத்துல மஞ்சக் கயிறு கட்டி விட்டதுங்க. அதை ஒருத்தன் தொட முடியுமா? ஒரு வருஷம் பூரா இந்த மேட்டுலதான் மேஞ்சிச்சு. போன திருவிழாவுல வெட்டி லயமே தின்னோம். ஒருத்தனுக்கு ஒரு வயித்து வலி இல்லை."

"நானே ரெண்டு தரம் வாங்கித் தின்னேன்," என்றான் வீரய்யா.

"நீ கணக்கில்லடா, கல்லைத் தின்னாலும் செமிக்கும். ஐயா, தண்ணி தெளிச்ச உடனே உடம்பைச் சிலுப்பி உத்தரவு குடுத்துச்சு பாருங்க, அப்படி ஒரு கெடா. மண்ணுல விஷம் இருந்தா அது இருந்திருக்குமா?"

சண்முகராஜா யோசித்தார். அது நல்ல சாட்சி. ஒரு வருஷம் மேய்ந்த பிராணி. அதைத் தின்ற அத்தனை குடும்பம். அவருடைய போத்தல்களில் எதுவும் இவ்வளவு தெளிவாகப் பேசாது.

"அப்படின்னா டப்பாவை மட்டும் அள்ளிட்டு, நல்ல மண்ணு போட்டு மூடிக்கலாம்," என்றார். "கட்டலாம்னு துரைகிட்ட எழுதிக் குடுத்துர்றேன்."

பேனாவைத் திறந்தார். கங்காணி மீசையைத் தடவிக்கொண்டார். வீரய்யா பேச்சியைப் பார்த்து, "காம்பிராவுக்குக் குடிபோறப்ப பாயாசம் உண்டா?" என்றான்.

வீரம்மா மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினாள். வாயைத் திறந்தால் காம்பிரா போகும். காம்பிரா மட்டுமா? பேச்சியின் மாமியார் வீடு இருந்தது. திருவிழாவில் விழுந்து கும்பிட்ட லயம் முழுக்க இருந்தது. முனியாண்டி வேறு இருந்தார். நல்ல மண் போட்டு மூடத்தானே போகிறார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பேச்சியம்மா குழியோரத்தில் மெல்ல உட்கார்ந்தாள். மசக்கையில் பிடித்த ஆசை அவளுக்கு இன்னும் விடவில்லை. சாம்பலைக் கண்டாலும் மண்ணைக் கண்டாலும் நாக்கு ஊறும். யாரும் பார்க்காத நேரமாக ஒரு வெள்ளைக் கட்டியைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள்.

வீரம்மா அவள் கைமேல் விட்ட அறையில் கட்டி தெறித்துப் புல்லில் விழுந்தது. சாயத் தண்ணி கவிழ்ந்தது.

"என்னம்மா நீ," என்று பேச்சி கையைத் தேய்த்தாள். கண் கலங்கிவிட்டது.

வீரம்மா மகளின் விரல்களைத் தன் சேலையால் அழுத்தித் துடைத்தாள். நகக்கண் விடாமல் துடைத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சண்முகராஜாவின் பேனா தாளுக்கு மேலே நின்றது.

"எழுதாதீங்கய்யா," என்றாள்.

"ஏம்மா?"

"ஏய் வீரம்மா," என்றார் கங்காணி.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"நேந்து விட்ட கெடா இந்த வெள்ளையைத்தான் நக்கிச்சு. இதே எடத்துல, நொரை தள்ளி, என் மடியில செத்துச்சுங்க. திருவிழாவுல வெட்டுனது நான் பூண்டுலோயாவுல வாங்கிட்டு வந்த வேற கெடா."