பிரேக் இல்லாத உருண்டை

பஸ் டிரைவரின் மூத்த மகளுக்கு வேகத்தைக் கண்டு பயம் கிடையாது. பயமெல்லாம் பிரேக்கைக் கண்டுதான். "ஸ்பீடு யாரையும் தள்ளாதும்மா, பிரேக்குதான் தள்ளும்" என்று அப்பா சொல்லக் கேட்டே வளர்ந்தவள். அது வெறும் பேச்சில்லை என்பது போன விடுமுறையில் தெரிந்துபோனது. அப்பாவின் பஸ்ஸிலேயே போய்க்கொண்டிருந்தார்கள். குறுக்கே ஒரு நாய் ஓடியது. அப்பா மிதித்த மிதியில், தங்கை வாண்டு பறந்துபோய் முன்சீட்டுக் கம்பியில் மோதினாள். மோவாயில் மூன்று தையல். வாண்டின் கையைப் பிடித்திருக்க வேண்டியவள் அக்காதான். அவளோ ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான், "நாம உட்கார்ந்திருக்கிற இந்த பூமி ஒரு நொடிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்துல சூரியனைச் சுத்தி ஓடிக்கிட்டிருக்கு" என்று நாலாம் வகுப்பு டீச்சர் சொன்னபோது, மற்ற பிள்ளைகள் "ஹோ!" என்று கத்த, அவள் மட்டும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், பிரேக் போட்டா என்ன ஆகும்?"

"பூமிக்கு ஏது பிரேக்? அது பாட்டுக்கு ஓடும்."

வகுப்பே சிரித்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாயிற்று. பிரேக் போட்டால் விழுவோமே என்று பயந்தவளுக்கு, பிரேக்கே இல்லாத வண்டியில் ஏறியிருக்கிறோம் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அதற்குப் பிறகு டீச்சர் பந்தையும் டார்ச்சையும் வைத்துக்கொண்டு நிலாவைப் பற்றி என்னென்னவோ காட்டினார். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை.

வீட்டில் அப்பா ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பிரேக் இல்லாத வண்டி என்னப்பா ஆகும்?"

"எதுலயாவது முட்டித்தான் நிக்கும், வேற என்ன?"

அவர் டிப்போ வண்டியை நினைத்துச் சொன்னார். அவள் கேட்டதோ பூமியை நினைத்து. படுக்கும்போது அம்மாவின் தையல் மெஷின் அடியிலிருந்து நீளமான நாடா ஒன்றை எடுத்து, வாண்டின் இடுப்பைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினாள். "விளையாட்டா அக்கா?" என்று கேட்டுவிட்டு வாண்டு தூங்கிப்போனாள். அக்காவுக்குத்தான் தூக்கம் வரவில்லை.

காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில், வெளுத்த வானத்தில் பாதி நிலா தெரிந்தது. பாவம், அதுவும் கூடவேதான் ஓடி வருகிறது. பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை, நிற்கப் படியும் இல்லை. பூமி எதிலாவது முட்டினால் முதலில் தெறித்து விழுவது நிலாதான். அது இருக்கிற வரைக்கும் நமக்கு ஆபத்தில்லை என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்.

கணக்கு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நிலா நாளுக்கு நாள் தேய்ந்தது. தேய்ந்துகொண்டே சூரியன் வரும் பக்கமாக நகர்ந்தது. கடைசியில் ஒரு காலை காணவே காணோம். சாயங்காலமும் காணோம். பேயறைந்தவள் போல வீட்டுக்குள் ஓடிவந்து, வெளிச்சம் போவதற்குள்ளேயே வாண்டைக் கட்டிப்போட்டாள்.

அம்மா பார்த்துவிட்டாள். "ஏன்டி, பிள்ளையா மாடா? இப்படிக் கட்டி வச்சிருக்க! என் நாடா எங்க போகுதுன்னு தேடிக்கிட்டே இருக்கேன்."

"அவுக்காதம்மா! நிலா விழுந்துடுச்சும்மா!"

"விழுந்தா யாராவது எடுத்து வைப்பாங்க. போய்ப் படி." மெஷின் மறுபடி கடகடத்தது.

படிக்கச் சொன்னதால் புத்தகத்தைத் திறந்தாள். காதில் ஏறாத பாடம் அங்கே இருந்தது: ஒரு விளக்கு, ஒரு பந்து, ஒரு பிள்ளையின் தலை. கீழே, 'சூரியன் பூமியைப் பிடித்து வைத்திருக்கிறது. பூமி நிலாவைப் பிடித்து வைத்திருக்கிறது. இதுவே ஈர்ப்பு விசை' என்று போட்டிருந்தது. பிடித்து வைத்திருக்கிறதாம். யார் கண்டது? அதுவும் அவளைப் போல ஜன்னலில் வேடிக்கை பார்த்தால்?

அப்பாவின் டார்ச்சை அலமாரியில் நிறுத்தி எரியவிட்டு, விளக்கை அணைத்தாள். வாண்டு கட்டிலில் கட்டப்பட்டு வசதியாக உட்கார்ந்திருந்தாள், அவள்தான் பூமி. நிலாவாக ஒரு ரப்பர் பந்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா அவளைச் சுற்றி மெல்ல நடந்தாள்.

"எவ்வளவு தெரியுது?"

"பாதி வெள்ளை... இப்போ கொஞ்சம்... ஐயே, இப்போ கறுப்பு."

பந்து டார்ச்சுக்கும் வாண்டுக்கும் நடுவில் வந்திருந்தது. வெளிச்சமெல்லாம் அதன் முதுகில்.

"வாண்டு, பந்து போயிடுச்சா?" என்று கேட்டாள் அக்கா.

"எங்க போகும்? நீதான் பிடிச்சிருக்கியே, லூசு!"

அக்கா பந்தைப் பார்த்தாள்; கைக்குள்ளேதான் இருந்தது. பிறகு இன்னும் இரண்டடி நகர்ந்தாள்.

"இப்போ அந்தப் பக்கம் நகம் மாதிரி தெரியுது" என்றாள் வாண்டு.

அப்படியானால் நிலா சூரியனைத் தாண்டி மறுபக்கம் வர வேண்டும். காலையில் தேடக் கூடாது. சாயங்காலம், சூரியன் இறங்குகிற பக்கத்தில் தேட வேண்டும். மறுநாள் சாயங்காலம் வாண்டை இழுத்துக்கொண்டு தெருமுனையில் போய் நின்றாள். வரவில்லை. அன்றைக்கு நாடாவில் இரண்டு முடிச்சுப் போட்டாள்.

அடுத்த நாளும் நின்றார்கள். சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கியது. வானம் சிவந்து, சாம்பல் நிறமாயிற்று. ஒன்றுமில்லை. வாண்டின் விரல்களை அவள் நெரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வலிக்குது... அக்கா, நகம்!"

தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, வெட்டிப் போட்ட நகம் போல, மெல்லிசாக இருந்தது.

டியூட்டி முடிந்து வந்த அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "என்ன, டிரைவர் பொண்ணுங்க ரெண்டு பேரும் எந்த பஸ்ஸுக்கு நிக்கறீங்க?"

"நிலாவுக்குப்பா."

"லேட்டா?"

"இல்லப்பா. நான் சொன்ன பக்கம்தான் வந்திருக்கு." சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. ஏன் என்று அப்பாவுக்கு விளங்கவில்லை.

அன்றிரவு நாடாவைச் சுருட்டி அம்மாவின் மெஷின் அடியில் வைத்தாள். விளக்கை அணைத்ததும், பிரேக் இல்லாமல் பூமி ஓடுகிற நினைப்பு மறுபடி வந்தது. வாண்டு புரண்டு படுத்தாள். அவள் சட்டையின் ஓரத்தை அக்கா இரண்டு விரலால் மட்டும் பிடித்துக்கொண்டாள்.