ராஜினாமாவுக்கு ஒரு தர்ணா

ப்ரீதி வேலையை ராஜினாமா செய்துவிட்டாள் என்று தெரிந்ததும் அவள் அம்மா செல்வமேரி கேட்ட முதல் கேள்வி, "இன்னாடி தப்பு பண்ணே?"

கேட்டதில் நியாயம் இருந்தது. அப்பா இருதயராஜ் வேலை பார்க்கும் புனே கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் இரண்டு விதமாகத்தான் வெளியேறுவார்கள். ரிடையராகி மாலையோடு, அல்லது சார்ஜ்ஷீட்டோடு. மூன்றாவதாக ஒரு வழி இருப்பதாக 2006 வரை அந்தக் குவார்ட்டர்ஸில் யாரும் சொன்னதில்லை.

"தப்பு ஒண்ணும் பண்ணலம்மா. ஹிஞ்சேவாடில வேற கம்பெனி கூப்டுது. இங்க ரெண்டு வருஷமா ஒரே இன்ஷூரன்ஸ் பக்கத்தைத் திறந்து, ஒரே பட்டனை அமுக்கி, வேலை செய்யுதான்னு பாத்துக்கினு இருக்கேன். அங்க போனா புரோகிராமே நான் எழுதலாம்."

"பட்டன் அமுக்கறதுக்குச் சம்பளம் குடுக்கறான். அதைப் போய் விடுவாங்களா? பாகல், பைத்தியக்காரி!" என்றார் இருதயராஜ்.

மறுநாள் மகளிடம் மூச்சுவிடாமல், யூனியன் செயலாளர் சந்தானத்தைக் கூட்டிக்கொண்டு, அவள் கம்பெனி இருக்கும் மகர்பட்டாவுக்குப் பஸ் ஏறினார். தொழிற்சாலை வழக்கம் அது. கோபத்தில் ஒரு பையன் வேலையை வீசி எறிந்தால், அப்பாவும் யூனியனும் அதிகாரியைப் பார்த்து, "சின்னப் புள்ள, மனசுல வெச்சுக்காதீங்க" என்று மனு கொடுத்துவிடுவார்கள்.

ப்ரீதியின் கம்பெனியில் எச்.ஆர். அதிகாரி நீலா. தமிழ்ப் பெண். ஆட்கள் ஓட்டைக் குடத்துத் தண்ணீராய் ஒழுகிக்கொண்டிருந்த காலம். தகப்பனே வந்து, "என் மகளை வெளியே விடாதீங்க" என்று எழுதிக் கொடுத்தால் கசக்குமா? இருவருக்கும் காபி வந்தது. கூடவே பிஸ்கட்டும்.

மாலையில் ப்ரீதி வீட்டுக்குள் புயலாக நுழைந்தாள்.

"ரிலீவிங் லெட்டர் குடுக்க மாட்டேங்கறாங்கப்பா! அது இல்லாம புதுக் கம்பெனி உள்ளயே விடாது. திங்கட்கிழமை போய்ச் சேரலன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. நீ எழுதிக் குடுத்தியாமே!"

"நல்லதுன்னு நெனச்சேம்மா. அந்த வேலை அவ்ளோ வேணுமா உனக்கு?"

"வேணும்பா." என்று சொல்லி அழுதாள்.

இருதயராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு சந்தானத்தின் வீட்டுக்கு நடந்தார். விஷயத்தைக் கேட்டு சந்தானம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷமா ஆளை உள்ள சேக்கச் சொல்லித்தாம்பா சண்டை போட்டுருக்கேன். வெளிய அனுப்பச் சொல்லி எப்டிப் போடறது? அதுக்குக் கோஷமே கெடையாதே!"

வெள்ளிக்கிழமை காலை மறுபடி மகர்பட்டா.

"நீங்கதானே அங்கிள் எழுதிக் கொடுத்தீங்க? ப்ரீதி எங்களுக்கு ரொம்ப முக்கியம்" என்று நீலா இனிக்க இனிக்கச் சிரித்தாள். இந்த முறை காபி வரவில்லை.

சந்தானம் வரவேற்பறையின் பளிங்குத் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருதயராஜும் உட்கார்ந்தார்.

"அனுப்பு! அனுப்பு!"

"தொழிலாளியை வெளியே அனுப்பு!"

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கூட்டம் கூடியது. நீலா பதறினாள்.

"அங்கிள், இப்போ அமெரிக்காவிலேர்ந்து கிளையன்ட் வர்றாங்க. ப்ளீஸ்!"

"வரட்டும்மா. அவங்களுக்கும் பேப்பர் விரிச்சுத் தரேன்" என்றார் சந்தானம்.

யாரோ சொல்லி ப்ரீதி மாடியிலிருந்து ஓடி வந்தாள். "அப்பா, எந்திரி! மானம் போவுது!"

"லெட்டர் வரட்டும், எந்திரிக்கறேன்" என்று முஷ்டியை உயர்த்தினார் இருதயராஜ். மகளுக்காக இவ்வளவு சத்தமாக அவர் எப்போதும் பேசியதில்லை. ப்ரீதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வாசலில் கிளையன்ட்டின் கார் நின்றது. உள்ளே பிரிண்டர் ஓடியது.

கையெழுத்துக்கூடக் காயாத லெட்டரை ப்ரீதி இரண்டு முறை படித்தாள். "அப்பா, திங்கட்கிழமை போயிடலாம்பா!"

மூவரும் வாசலைத் தாண்டும்போது பின்னாலேயே நீலா வந்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு, சந்தானத்திடம் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள்... நானும் ராஜினாமா கொடுத்து ரெண்டு மாசமாச்சு. டைரக்டர் எனக்கு லெட்டர் தர மாட்டேங்கறார். செவ்வாய்க்கிழமை நீங்க ஃப்ரீயா?"

சந்தானம் செய்தித்தாளை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"டைரக்டர் எந்த மாடிம்மா?"